ஏழாவது கோரிக்கை

தளம் போட்ட சனிக்கிழமையன்று தர்மாம்பாள் டீச்சர் வீட்டில் கோழி பிரியாணி. கொத்தனார்களுக்கு ஆளுக்கொரு துண்டு, சித்தாள்களுக்கு ஆளுக்கொரு ரவிக்கைத் துணி. மன்னார்குடிப் பக்கத்தில் தளம் போடுகிற நாளில் வீட்டுக்காரர் கையை இறுக்கினால் பேச்சு அடங்கவே அடங்காது. சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்துத் தப்பித்த ஒரு பேங்க் மேனேஜரை எட்டு வருஷம் கழித்தும் பேர் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் அந்த விஷயத்தில் உஷார். பால்வாடியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பழகிய கை வேறு.

நூறு பேர் படுக்கலாம் போல அகலமான தளம் ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு கூடம், ஓர் அடுப்படி. டீச்சருக்குக் கிடைத்த ஓய்வுப் பணமும் மகன் அரவிந்தன் சிங்கப்பூரிலிருந்து அனுப்புவதும் சேர்ந்து இவ்வளவுதான் கட்ட முடிந்தது. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு, முட்டி ஆபரேஷன் செய்த காலை நாற்காலியில் நீட்டியபடி அவர் அந்த வீட்டை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தளத்துக்குக் கடைசித் தேய்ப்பு தேய்த்தது இளையபெருமாள். கடைசிச் சட்டிக் கலவையை மேலே வாங்கிக் கொட்டியது அவர் பெண்சாதி பொன்னுத்தாய். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. ஆனாலும் பொன்னுத்தாய் விடிந்ததும் போய், தளத்தின் மேல் சிமெண்டுக் கலவையால் இரண்டு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, தண்ணீரை ரொப்பிவிட்டு வந்தாள். புதுத் தளம் பதினைந்து நாளாவது தண்ணீரில் ஊறவேண்டும். பங்குனி வெயிலில் ஒருநாள் வற்றவிட்டால் போதும், முடியளவு கீறல் விழும். விழுந்த கீறலை எந்தக் கொத்தனாரும் ஒட்டவைக்க முடியாது. மேலே பூசி மறைக்கலாம், ஐப்பசி மழை கண்டுபிடித்துவிடும்.

இந்தத் தண்ணீர் ஊற்றுகிற சமாச்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. கட்டட வேலை ஒன்பது மணிக்குத்தான் தொடக்கம். சித்தாள்கள் மட்டும் எட்டு மணிக்கே வந்து, நேற்றுக் கட்டிய சுவருக்கும் போட்ட தளத்துக்கும் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். கொத்தனார் வந்து பார்க்கும்போது எல்லாம் ஈரமாக இருக்கும். சாயந்திரம் கொத்தனார் கைகால் கழுவிக்கொண்டு டீக்கடைக்குப் போன பிறகு இன்னொரு தடவை. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ எந்த மேஸ்திரியோ, “வர்றப்ப ரெண்டு வாளி ஊத்திட்டு வாம்மா” என்று சொல்லியிருப்பான். அந்த இரண்டு வாளி இன்னும் தீர்ந்தபாடில்லை. பொன்னுத்தாய் பதினேழு வருஷமாக ஊற்றுகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம்தான் சங்கக் கூட்டம். ஓடாமல் கிடக்கும் ரைஸ்மில் களத்தில் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். நாலு வருஷமாகக் கூலி அப்படியே நிற்கிறது, சிமெண்டு விலை நிற்கவில்லை, அரிசி விலை நிற்கவில்லை. சங்கத் தலைவர் ஜாஃபர் சாதிக் டைல்ஸ் ஒட்டுகிறவர், அதிகம் பேசாதவர். ஆறு கோரிக்கைகளையும் தாளைப் பார்த்து நிதானமாகப் படித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நாள் கூலியில் கொத்தனாருக்கு இருநூறு ஏற்றம், கல்லும் மண்ணும் சுமக்கிற பெரியாளுக்கு நூற்றைம்பது, சித்தாளுக்கு நூறு, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு, இப்படி.

அப்புறம் மைக்கைப் பிடித்தவர் கிளைச் செயலாளர் இளையபெருமாள். மனிதர் வீட்டில் பேசுவது சொற்பம். மைக்கைக் கண்டால் மட்டும் எங்கிருந்துதான் வருமோ. “நாளைக் காலையிலேருந்து நம்ம தொழிலாளி ஒருத்தரும் கரண்டியத் தொடக்கூடாது. கரண்டி மட்டும் இல்ல தோழர்களே, வாளியையும் தொடக்கூடாது!” என்றார். கைத்தட்டல் ரைஸ்மில் தகரத்தில் பட்டுத் திரும்பியது. பொன்னுத்தாயும் பெருமையாகத்தான் தட்டினாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, பாமணியாற்றுப் பாலத்துக்கிட்டதான் அவளுக்கு அந்த வாளி ஞாபகத்துக்கு வந்தது.

திங்கட்கிழமை ஊர் எப்படி இருந்தது என்கிறீர்கள்? முச்சந்தி டீக்கடைக்காரர் தினமும் ஏழு மணிக்குள் இருநூறு டீ ஆற்றுகிறவர், அன்றைக்கு பாலைக் குறுக்கிக் குறுக்கி வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். கம்பிக்கடைக்காரர் கணக்கப்பிள்ளையோடு தாயம் ஆடினார். மணல் ஏற்றிவந்த லாரி ஒன்று இறக்க ஆளில்லாமல் கல்யாண மண்டப வாசலில் நிழலுக்கு ஒதுங்கி நின்றது. அந்த மண்டபத்துக்கு வைகாசியில் திறப்பு விழா, பாதி மாடிதான் எழும்பியிருந்தது. செங்கல் சூளையில் வெந்த கல் அப்படியே அடுக்கிக் கிடந்தது. வடக்கேயிருந்து வந்த பையன்கள் தகரக் கொட்டகை வாசலில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனில் கிரிக்கெட் பார்த்தார்கள். அவர்களுக்கும் சங்கத்தில் சொல்லியாகிவிட்டது.

நல்லவேளையாக அது உளுந்து பிடுங்குகிற நேரம். தாளடி நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்து காய்ந்து கிடந்தது, ஆள் கிடைக்காமல் தவித்த மிராசுகளுக்கு வேலைநிறுத்தம் யோகமாக அமைந்தது. சித்தாள்கள் குனிந்த மாத்திரத்தில் ஆளுக்கொரு வரிசையாக மெனை பிடித்துப் போனார்கள். கொத்தனார்கள்தான் பாவம். நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறவர்கள், நாலு செடி பிடுங்கிவிட்டு நிமிர்ந்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தார்கள். மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வரப்பில் உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு.

அன்று காலை பொன்னுத்தாய் வழக்கம்போல எழுந்து, சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பைச் சுடவைத்துவிட்டு, சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றார் இளையபெருமாள்.

“டீச்சர் வீட்டுத் தளத்துக்கு.”

“ஸ்டிரைக்கு.”

“தெரியும். தளத்துக்குத் தெரியுமா?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். மைக்கில் வாளியைப் பற்றிச் சொன்னது ஒரு வேகத்தில் வந்த வார்த்தை. ஆனால் முந்நூறு பேர் முன்னால் வந்த வார்த்தை. செயலாளர் பெண்சாதியே முதல்நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் சங்கம் என்ன ஆவது? நேற்று ஊற்றியது இன்றைக்குத் தாங்குமில்லையா என்று கேட்டார். இன்றைக்குத் தாங்கும், நாளைக்கு என்ன செய்வீர்கள் என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்றார். பொன்னுத்தாய் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உளுந்து பிடுங்கப் போனாள். பகல் முழுவதும் அவளுக்கு அந்தப் பாத்திகள்தான் கண்ணுக்குள் நின்றன. இப்போது பாதி வற்றியிருக்கும், இப்போது ஓரம் காய்ந்திருக்கும், இப்போது தென்மேற்கு மூலை வெளுத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆட்டோவில் டீச்சரே வந்துவிட்டார். இறங்கத் தெம்பில்லாமல் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து கூப்பிட்டார். ஏணி வைத்து ஏறிப் பார்க்கச் சொன்னாராம் ஆட்டோக்காரரை. பாத்தியெல்லாம் வற்றி, தளம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டதாம். மேஸ்திரி கோவிந்தராசு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே மோட்டாரையும் ரப்பர் ஓஸையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வேலைநிறுத்தத்தில் சாமான் காணாமல் போகும் என்று பயமாம். அடிபம்பில் அடித்து, மூங்கில் ஏணியில் தூக்கிப்போய் ஊற்ற வேண்டும். தெருவில் கேட்டால் ஆம்பளைகள் உளுந்து வயலில், மீதிப்பேர் சங்கத்தோடு வம்பு வேண்டாம் என்கிறார்கள்.

“இளையபெருமாளு, இந்த வயசுக்கு மேல நான் இன்னொரு வீடு கட்டப் போறதில்ல,” என்றார் டீச்சர். “இது ஒழுகுச்சின்னா ஒழுகுற வீட்டுலதான் சாவணும்.”

இளையபெருமாளுக்கு முகம் செத்துவிட்டது. தளம் கீறினால் வேலைநிறுத்தத்தால் கீறியது என்று எவனும் சொல்லமாட்டான், இளையபெருமாள் போட்ட தளம் என்றுதான் சொல்வான். அவசரமாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

“நீங்க கவலப்படாம போங்க டீச்சர். தண்ணி ஊத்துறதெல்லாம் ஒரு வேலையா? அதுக்கும் ஸ்டிரைக்குக்கும் என்ன சம்பந்தம்? பொன்னு போயி ரெண்டு குடம் ஊத்திட்டு வந்துரும்.”

அடுப்படியில் பொன்னுத்தாய் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அவள் சண்டைக்காரி இல்லை. கூலியில் பத்து ரூபாய் குறைந்தாலும் மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிடுகிறவள். ஆனால் அந்தச் சொல் அவளைத் தைத்துவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வேலை இல்லையா அது?”

“அதச் சொல்லல பொன்னு...”

“இல்ல, தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன். வேலைன்னா, ஸ்டிரைக்கு நடக்குது, நான் போகக்கூடாது. வேலை இல்லன்னா, நான் எதுக்குப் போவணும்? யாரு வேணும்னாலும் போவலாம்ல?”

டீச்சர் ஆட்டோவிலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொன்னுத்தாய் டீச்சரிடம் திரும்பி, “நீங்க போங்கம்மா. பத்து மணிக்குக் களத்துல கூடுவாங்க. நான் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன். உங்க தளத்தக் காயவுடமாட்டேன்,” என்றாள்.

பத்து மணிக்குக் களத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பொம்பளைகள் எப்போதும்போல ஓரத்தில், தகர நிழலில். பொன்னுத்தாய் சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்து பேசியது அதுவரைக்கும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்த வானதி, இரண்டு வருஷமாகச் சித்தாள் வேலைக்கு வருகிற சின்னப் பெண், “சும்மா கேளுக்கா” என்று இடுப்பில் தட்டினாள்.

“பாய், ஒரு சந்தேகம். தளத்துக்குத் தண்ணி ஊத்துறது வேலையா, வேலை இல்லையா?”

ஆம்பளைகள் பக்கத்தில் சிரிப்பு. இதென்ன கேள்வி என்றார் ஒருவர். வீட்டுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று இளையபெருமாளைப் பார்த்துக் கண்ணடித்தார் இன்னொருவர். ஜாஃபர் சாதிக் மட்டும் சிரிக்கவில்லை. என்னம்மா விஷயம் என்று கேட்டார். பொன்னுத்தாய் டீச்சர் வீட்டுத் தளத்தைச் சொன்னாள், காலையில் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கணவரைக் குறைசொல்லாமல்தான் சொன்னாள். அப்புறம் குரல் தானாக உயர்ந்தது.

“எட்டு மணிக்கு வர்றோம். ஒன்பது வரைக்கும் ஊத்துறோம். சாயந்திரம் நீங்கள்லாம் போனப்புறம் ஊத்துறோம். வீட்டுல புள்ள பசியோட இருக்கும், ஊத்திட்டுத்தான் போறோம். பதினேழு வருஷம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்னு வச்சிக்கிங்க. அது வேலை இல்லன்னா நாங்க இத்தன நாளு என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தோம்?”

நிழலில் இருந்த பொம்பளைகள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். எவளோ ஒருத்தி “ஆமா சொல்லுங்க” என்றாள்.

ஜாஃபர் சாதிக் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “வேலைதாம்மா,” என்றார். “தண்ணி இல்லாம காங்கிரீட்டு இல்ல. நாந்தான் ஆறு கோரிக்கையும் எழுதுனேன். எனக்குத் தோணல. தப்பு என்னுது.”

“அப்ப எழுதுங்க.”

“எழுதிடுவோம். ஏழாவதா எழுதுவோம். ஆனா வேலைன்னு ஆயிட்டா, டீச்சரு தளத்துக்கு யாரும் போகமுடியாதே?”

“ஊத்துறவங்க கூலி வாங்காம ஊத்தட்டும். சங்கமே அனுப்பட்டும். ஆபத்துக்குப் பாவமில்ல. ஆனா பொம்பளைங்க போகமாட்டோம்.” பொன்னுத்தாய் முதல் வரிசையில் இருந்த கணவரைப் பார்த்தாள். “அது வேலையே இல்லன்னு சொன்னவரு போயிட்டு வரட்டும். ரெண்டு குடம்தானே.”

களமே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டினார். வேறு என்ன செய்வார்?

டீச்சர் வீட்டு அடிபம்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பத்து அடி அடித்தால்தான் தண்ணீர் தலைகாட்டும். பொன்னுத்தாயும் வானதியும் பூவரசு நிழலில் டீச்சர் நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். டீச்சர் சுக்கு டீ போட்டுக் கொடுத்தார். இளையபெருமாள் முதல் பத்துக் குடத்தைக் கௌரவமாகத் தூக்கினார். சுவர் எழுப்புகிற தோள், கனம் ஒரு பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரு கையில் குடம், ஒரு கையில் ஏணி, தளும்பாமல் ஏறுவது வேறு வித்தை. பதினைந்தாவது குடத்தில் பாதி சட்டையில் கொட்டியது. காய்ந்த தளம் ஊற்ற ஊற்றக் குடித்தது. ஊற்றிய இடம் தெரியவில்லை.

“தென்மேற்கு மூலையில வெள்ளையா கெடக்கு பாருங்க, அங்கதான் மொதல்ல ஊத்தணும்,” என்று கீழேயிருந்து சொன்னாள் பொன்னுத்தாய். “எறச்சு ஊத்தாதீங்க, தளம் அரிச்சுப்போயிரும். குடத்தச் சாச்சு வுடுங்க.”

அவர் குடத்தோடு அந்த மூலைக்கு நகர்ந்தார். வெயிலில் தளம் காலைச் சுட்டது. பாத்தி ரொம்ப அறுபது குடம் பிடித்தது. இறங்கி வந்து சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார். கீறல் விழுந்திருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். இல்லை, தப்பித்தது, இன்னும் ஒரு வேளை விட்டிருந்தால் போயிருக்கும் என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “இத தெனம் ரெண்டு வேளையா செய்யிறீங்க?” என்றார்.

“மோட்டாரு இருந்தா கொஞ்சம் லேசு,” என்றாள் வானதி. “மோட்டாரு எங்க இருக்கு எல்லா வீட்டுலயும்?”

சாயந்திரம் அவரே பேனா எடுத்து, நோட்டுத் தாளில் ஏழாவது கோரிக்கையை எழுதினார். தண்ணீர் ஊற்றும் நேரத்தையும் வேலை நேரமாகக் கொள்ள வேண்டும். எழுதியதைப் பொன்னுத்தாயிடம் படித்துக் காட்டினார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாராட்டுக்காக அப்பளம் இரண்டு கூடுதலாகப் பொரித்தாள். பிறகு முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். மனிதர் முனகிக்கொண்டே தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் அவர்தான் ஊற்றினார். நாலாம் நாள் தளும்பாமல் ஏறக் கற்றுக்கொண்டார். மற்ற கொத்தனார்கள் கேலி பேசினார்கள், அவரும் சிரித்துக்கொண்டார். உளுந்து முடிந்தது. வீட்டில் அரிசி இருந்தது, செலவுச் சாமான் குறைந்துகொண்டே வந்தது. காலையில் பழையது, வெங்காயம். மதியம் முருங்கைக்கீரை. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் பகலவன் போன் பண்ணி, முடியலன்னா சொல்லுங்க அனுப்புறேன் என்றான். எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம் என்றாள். நல்லாத்தான் இருந்தாள், அதில் பொய் இல்லை. ஏழாவது கோரிக்கை என்று களத்தில் யாராவது சொல்லும்போதெல்லாம் பொம்பளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வானதி அதை மனப்பாடமாகச் சொல்வாள்.

ஒன்பதாம் நாள் மன்னார்குடியில் பேச்சுவார்த்தை. மண்டபக்காரர் வைகாசியைச் சொல்லிக் காண்ட்ராக்டர்களை நெருக்கியிருந்தார். சங்கத்திலிருந்து பதினோரு பேர் போனார்கள். பொம்பளைகளில் யாரையும் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பொழுது சாயும்போது இளையபெருமாள் அரைக்கிலோ கறியோடு வந்தார். முகத்தில் களைப்பும் நிம்மதியும். கொத்தனாருக்கு நூற்றைம்பது, பெரியாளுக்கு நூற்றிருபது, சித்தாளுக்கு எண்பது, ஆஸ்பத்திரிச் செலவு மேஸ்திரி பொறுப்பு. நாளைக்கு வேலை. இவ்வளவையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, வெங்காயம் எங்கே, நான் உரிக்கிறேன் என்றார். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் வெங்காயம் உரித்ததே இல்லை. பொன்னுத்தாய்க்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“ஏழாவது?”

அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காண்ட்ராக்டருங்க அத மட்டும் புடிவாதமா மாட்டேன்னுட்டாங்க. அத எழுதுனா கொத்தனார் கூலியில இருபது கொறப்போம்னாங்க. பாய் கேட்டாரு, யாரு யாருக்குச் சம்மதம்னு. எட்டு பேரு, இப்போதைக்கு வுட்டுடலாம்னாங்க. அடுத்த தடவ மொதக் கோரிக்கையா வைப்போம்னு பாய் சொல்லியிருக்காரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வேண்டாமென்று கை தூக்கியிருந்தாலும் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பாள். முந்நூறு பேர் முன்னால் முழங்குகிற வாய், பதினோரு பேர் முன்னால் மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை.

“அறுபது குடம் தூக்குன ஆளு நீங்க,” என்றாள். கறியை வாங்கிக் கழுவி, மிளகு அரைத்து, நன்றாகவே குழம்பு வைத்தாள். அவர் சாப்பிடும்போது இரண்டு தரம் அவள் முகத்தைப் பார்த்தார். சாப்பிட்டு முடிந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வானதி வீடுவரை போனாள், அங்கிருந்து கீழத்தெருவில் இன்னும் இரண்டு சித்தாள்கள் வீட்டுக்கும். எல்லாரிடமும் சொன்னது ஒரே வார்த்தைதான். நாளைக்கு ஒன்பது மணிக்கு வா, அதுக்கு முன்னாடி வராத.

மறுநாள் காலை ஏழரைக்கு இளையபெருமாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பொன்னுத்தாய் வாசலில் உட்கார்ந்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நேரமாகவில்லையா என்றார். வேலை ஒன்பதுக்குத்தானே என்றாள். அவர் தயங்கி நின்றுவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

டீச்சர் வீட்டில் அன்றைக்கு மாடிக் கைப்பிடிச் சுவர் வேலை. கொத்தனார்கள் நாலு பேரும் ஒன்பதுக்குச் சரியாக மேலே ஏறி நூல் கட்டிவிட்டார்கள். தளத்தில் தண்ணீர் சுண்டி, வரப்போரம் மட்டும் ஈரம் இருந்தது. கீழே கோவிந்தராசு பைக்கில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். பத்து நாள் விட்டதைப் பிடிக்க வேண்டும், சுவர் இன்றைக்கே பாதி ஏற வேண்டும் என்று ஏற்கெனவே இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது.

ஒன்பதுக்குச் சித்தாள்கள் நாலு பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். டீச்சருக்கு வணக்கம் சொன்னார்கள், சட்டையை மாட்டினார்கள், தலைக்குத் துண்டைச் சுற்றினார்கள். பிறகு கலவைச் சட்டியைத் தொடாமல் குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனார்கள்.

“கலவை!” என்று மேலேயிருந்து ஒரு கொத்தனார் குரல் கொடுத்தார்.

“வருது. தண்ணி ஊத்திட்டு,” என்றாள் வானதி.

கோவிந்தராசு போனைக் காதிலிருந்து எடுத்தார். “என்ன பொன்னுத்தாயி, இதெல்லாம் காலையிலயே முடிச்சிருக்க வேணாமா?”

“காலையில வேலை கெடையாது மேஸ்திரி. ஒன்பதுக்குத்தான் வேலை. நேத்துப் பேசி முடிச்சிட்டு வந்தாங்களே, நீங்களும் இருந்தீங்களாமே.”

“அதான் அந்த ஏழாவத எடுத்தாச்சே?”

“எடுத்தாச்சு. அதனாலதான் எட்டு மணிக்கு வரல.”

கோவிந்தராசு போனைச் சட்டைப்பையில் போட்டார். அப்படியானால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம், கலவையைப் போடுங்கள் என்றார். சரி மேஸ்திரி, டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுகிறோம் என்றாள் பொன்னுத்தாய். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாற்காலியிலிருந்து டீச்சர் பால்வாடிக் குரலில் சொன்னார்: “என் தளம் காயக்கூடாது கோவிந்தராசு.”

மேஸ்திரி அவரைப் பார்த்தார், நாலு பெண்களைப் பார்த்தார், மேலே சும்மா நிற்கும் நாலு கொத்தனார்களைப் பார்த்தார். புதுக் கூலி. நாலு கொத்தனாருக்கும் ஒன்பதிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, மோட்டாரையும் ஓஸையும் எடுத்துக்கொண்டு உடனே வாடா என்று போனில் யாரையோ கத்தினார்.

மோட்டார் வருகிறவரை அடிபம்புதான். பெண்கள் அவசரப்படவில்லை, சுணங்கவுமில்லை. ஒருத்தி அடிக்க, ஒருத்தி எடுத்துக் கொடுக்க, பொன்னுத்தாய் தளம்வரை ஏறிக் குடத்தைச் சாய்த்து விட்டாள். கொத்தனார்கள் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு செங்கல் அடுக்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேலி பேசுகிறவர்கூட பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

இளையபெருமாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து, ஏணியில் இறங்கி, பம்படியில் நிறைந்திருந்த குடம் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தார். இப்போது அவருக்குத் தளும்பாமல் ஏறத் தெரியும். இரண்டு படி ஏறியதும் மேலேயிருந்து பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள்.

“அதக் கீழ வையிங்க.”

“நேரமாவுதேன்னுதான் பொன்னு...”

“ஆவட்டும். வையிங்க. அது என் வேலை.”

அவர் இறங்கி, குடத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். வானதி அந்தக் குடத்தை எடுத்து மேலே கொடுத்தாள். பொன்னுத்தாய் தென்மேற்கு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொரு பாத்தியாக ரொப்பிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு முதல் சட்டிக் கலவை மேலே போனபோது மணி ஒன்பதே முக்கால்.